தெருவுக்கே ஒரே நம்பர்

"என் விரல் படாம இந்தத் தெருவுல ஒரு பிள்ளையும் காலேஜ் வாசலை மிதிக்க முடியாது!"

இந்தப் பிரகடனம் வெளியான இடம் ஒரு ஜெராக்ஸ் கடை. வெளியிட்டவர் அக்கடையின் முதலாளி, காசாளர், கணினி நிபுணர், பெருக்கித் துடைப்பவர் ஆகிய சகல பதவிகளையும் ஒரே நாற்காலியில் அமர்ந்து வகித்து வந்த பெண்மணி. தெருவில் அவருக்கு ஓடிபி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருக்கத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் அவசியம் யாருக்கும் நேரவில்லை.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. கல்லூரிக்கு இனி இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று மேலிடம் அறிவித்த நாள் முதல், தெருப் பிள்ளைகளின் தலையெழுத்தைத் தட்டச்சு செய்தவர் அக்காதான். விண்ணப்பத்தில் செல்போன் எண் கேட்கும் கட்டம் வரும். பிள்ளை தன் எண்ணைச் சொல்ல வாயெடுத்தால் அக்கா கையமர்த்துவார்.

"உன் நம்பரைக் குடுத்தா, ஓடிபி வர்ற நேரத்துல நீ எந்த கிரவுண்டுல உருண்டுக்கிட்டு இருப்பியோ. என் நம்பரைப் போடு. என் போன் இடுப்பை விட்டு இறங்காது."

இப்படியாகத் தெருவிலிருந்த மாணவ சமுதாயம் முழுவதும் ஒரே எண்ணில் குடியேறியது. மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்ட் எல்லாமே அக்காவின் படைப்புகள். கல்லூரி அலுவலகத்தில் "உன் ஈமெயில் என்னப்பா?" என்று கேட்டதற்கு, "அது ஜெராக்ஸ் கடையில இருக்கு சார்" என்று ஒருவன் பணிவாகப் பதில் சொன்னதாக வரலாறு உண்டு. அவனும் சாதாரண ஆளில்லை. நாள் முழுக்க போனைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் ரேகை அழிந்தவன்.

அக்காவின் தொழில் நுட்பம் தனி. திரையில் இருப்பதை அவர் படிக்க மாட்டார். படிப்பதெல்லாம் பழக்கமில்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. முதல் பக்கத்தில் பச்சை, அடுத்ததில் நீலம், கடைசியில் வலது மூலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல் தானாகப் போய் இறங்கும்.

அக்காவுக்கு ஒரே மகள். அவளுக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி. பிஸ்கட் பாக்கெட்டின் முதுகிலிருந்து மாத்திரை அட்டையின் பொடி எழுத்து வரை, கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிடுவாள். பொருத்தமாக, கண் பரிசோதகர் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆசைப்பட்டுக் கேட்ட இடம். ஆனால் குறித்த நாளில் மாலை ஐந்து மணிக்குள், போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு, இணையத்தில் அதை உறுதி செய்தாக வேண்டும். தவறினால், வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். தெருவில் இடம் கிடைத்த மற்ற பிள்ளைகளுக்கும் அதே கெடு.

மகள் அந்தக் கடையிலேயே வளர்ந்தவள். ஆனாலும் மௌஸைத் தொட்டதில்லை. "கை வச்சே, முறிச்சிருவேன். ஏதாவது அமுங்கிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்பது கடையின் சட்டம்.

கெடு நாள் விடிந்தது. பேப்பர் கட்டு வாங்க அக்கா பஸ்ஸில் போனார். திரும்பி வந்தபோது பேப்பர் கட்டு வந்தது. போன் வரவில்லை.

இடுப்பைத் தடவினார், பையைக் கவிழ்த்தார், பஸ் போன திசையைப் பார்த்துக் கொஞ்சம் சபித்தார். பிறகு போன் கம்பெனிக்கு ஓடினார். பழைய சிம்மை முடக்கிவிட்டு, அதே எண்ணில் புதியதை உடனே தந்தார்கள்.

"ஆனா மேடம், மெசேஜ் வர்றதுக்கு நாளைக்கு இந்நேரம் ஆயிடும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். "பாதுகாப்புக்காக."

"யாரோட பாதுகாப்புக்கு?"

"உங்களோடதுதான் மேடம்."

நான்கு மணிக்குக் கடை நிரம்பி வழிந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரம்மா, கழுத்தில் தொங்கிய டேப்போடு மகனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அக்கா, என் பையனுக்கு ஓடிபி கிளம்பிடுச்சா?"

"கிளம்பியிருக்கும்மா. இறங்கத்தான் இடமில்லாம சுத்திக்கிட்டிருக்கு."

விஷயம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "உங்களை நம்பித்தானேக்கா விட்டோம்" என்று தையல்காரம்மா தொடங்கினார். அக்கா தன் மகளின் விண்ணப்பத்தைத் திறந்து, ஓடிபி கேட்கும் பொத்தானை விடாமல் அமுக்கினார். பச்சை, நீலம், வலது மூலை. ஒன்றும் அசையவில்லை. அடுத்தவர் பிள்ளைகளுக்கு வந்த வினை போதாதென்று, தன் வயிற்றில் பிறந்ததற்கும் அதே கையால் குழி வெட்டியாகிவிட்டது.

பின்னால் நின்ற மகள் வழக்கமான வியாதியில் இருந்தாள்.

"அம்மா, அந்தக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கு."

"அதெல்லாம் சும்மா அழகுக்குப் போட்டிருப்பாங்க."

"'பதிவு செய்த எண் கைவசம் இல்லையா? இங்கே அழுத்தவும்.'"

மகள் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினாள்.

"இது எத்தனை நாளா இருக்கும்மா?"

"எனக்கென்னடி தெரியும்? நான் என்னைக்கு அதைப் படிச்சேன்!"

"எந்திரிம்மா."

அக்கா எழுந்தார். ரத்தம் சிந்தாமல் நடந்த ஆட்சி மாற்றங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

மகள் உட்கார்ந்து அழுத்தினாள். திரை ஒரு பாதுகாப்புக் கேள்வி கேட்டது. அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"அம்மா, என்னோட முதல் செல்லப் பிராணி யாரு?"

அக்கா தரையைப் பார்த்தார். "டைகர்."

"நாம நாயே வளர்க்கலையே!"

"எல்லாருக்கும் டைகர்தான். ஆளாளுக்கு யோசிச்சுக்கிட்டு நின்னா வேலை ஆகுமா?"

"எனக்குமா?" என்று அலறினான் தையல்காரம்மாவின் மகன். "நாயைக் கண்டாலே எனக்கு ஆகாதுக்கா!"

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்ல. பேசாம இரு."

டைகர் நன்றியுள்ள நாய். பிறக்காமலேயே வேலை செய்தது. புதிய எண் கேட்டார்கள். மகள் தன் எண்ணைப் போட்டாள். அவள் மடியிலிருந்த போன் சிணுங்கியது. ஆறு இலக்கத்தை அடித்ததும், எண் மாறிவிட்டது என்று திரை சொன்னது. அடுத்த பக்கம் வருவதற்காக நடுவில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

"எல்லாரும் அவங்கவங்க போனை எடுங்க. இதே பக்கம் போன்லயும் திறக்கும்."

ஒரே மூச்சில் நூறு வீடியோவைத் தள்ளிவிடும் கட்டைவிரல்கள் அன்று வழி தெரியாமல் தடுமாறின. "பிரவுசரா? அது என் போன்ல இருக்கா?" என்றது ஒரு குரல். "பாஸ்வேர்ட் என்னக்கா?" என்றது இன்னொன்று.

"ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும்" என்றார் அக்கா.

"இப்படிச் சத்தமா சொல்றீங்களே!"

"எல்லாருக்கும் அதுதானேப்பா."

தையல்காரம்மாவின் மகன் போனை மகளிடம் நீட்டினான். "நீயே போட்டுக் குடுத்துடேன்."

"போட்டுக் குடுத்தா நாளையிலேர்ந்து நான் ஓடிபி அக்கா. நீயே படி. முதல் வரி என்ன சொல்லுது?"

படித்தான். அதற்கடுத்த வரியையும் படித்தான். தாய்மொழியில்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது அவனுக்குப் பெரிய ஆச்சரியம்.

"பாஸ்வேர்டை மாத்தணுமான்னு கேக்குது."

"மாத்து. டைகரையும் மாத்து. என்கிட்ட சொல்லாத."

"என்கிட்ட சொல்லுடா" என்றார் தையல்காரம்மா.

"அம்மாகிட்டயும் சொல்லாத."

கிணிங் என்றது அவன் போன். "வந்துடுச்சு! என் போன்ல எனக்கே வந்துடுச்சு!" ராஜ்யம் கிடைத்தவன்கூட அவ்வளவு கத்தியிருக்க மாட்டான். வாசற்படியிலிருந்து இன்னொரு கிணிங். பிறகு உள்ளே, வெளியே, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பிற்று. ஒருத்தி விசிலடித்தாள். தையல்காரம்மா அளவு டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, இங்கே என்ன இலவசமாகத் தருகிறார்கள் என்று விசாரித்தார்.

மகளின் சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டை நோக்கி ஏறியது.

பக்கம் வந்தது. மகளின் பெயர், படிப்பு, கல்லூரி. வலது மூலையில் 'உறுதி செய்'. மகள் மேலிருந்து படிக்கத் தொடங்கினாள். விடுதி விதிகளைக்கூட விடவில்லை.

"கதைப் புஸ்தகமாடி படிக்கிறே? நேரம் ஆகுது!"

"இரும்மா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்கணும்ல."

படித்து முடித்து மௌஸை அம்மா பக்கம் நகர்த்தினாள். முகத்தில் சிரிப்பு. "கடைசி பட்டனை நீயே அமுக்கும்மா. உன் கைராசி."

"ஆமாக்கா, அமுக்குங்க!" என்றது கூட்டம். கோபமெல்லாம் அதற்குள் ஆறிப் போயிருந்தது.

அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையெல்லாம் மெஷின் மையா இருக்குடி. நீயே அமுக்கு."

மகள் அமுக்கினாள். இடம் உறுதியானது.

அன்று காலையிலிருந்து அக்கா ஜெராக்ஸ் மெஷின் பக்கமே போகவில்லை. முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த பத்து விரல்களும், கழுவி வைத்த பாத்திரம் போல, துளி மை இல்லாமல் இருந்தன.