வெட்கம்: ஒருபோதும் இல்லை

எங்கள் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கமா’. ஒரு கமாவுக்காக ஒரு மணி நேரம் சண்டை போடுவார். அடுத்த மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்த பாவத்துக்குப் பாதிச் சண்டை என் தலையில்தான் விடிந்தது. தம்பிகள் இருவரையும் ஆளாக்கிவிட்டு, தனக்கென்று ஒரு பூனைகூட வளர்க்காதவர். விதி என்றால் விதி, வாக்கு என்றால் வாக்கு. போன மாதம் ஓய்வு பெற்றபோது எல்லோரும் கமா ஜோக்குகளாகச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த கதை அங்கே சொல்லக்கூடியதாக இல்லை.

கை நடுக்கம் உள்ளவர்களின் வெட்கத்தை அளக்க வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்று வந்திருந்தது. ‘மற்றவர்கள் முன் சாப்பிட வெட்கப்படுகிறீர்களா?’ என்பதுபோல இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டங்கள். வெட்கத்துக்குமா அளவுகோல் என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பத்து நோயாளிகளிடம் படித்துக் காட்டி, கேள்வி எப்படிப் புரிந்தது என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதவேண்டும். சொன்னது வெளியே போகாது என்று வாக்கும் கொடுக்கவேண்டும்.

ஏழாவது ஆள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அழைத்துவந்த மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மனுஷன் வாயைத் திறந்தாலே சிரிப்புதான். “முப்பது வருஷம் பஸ்ல ஆடின கைம்மா, இன்னும் இறங்கல” என்றார். இருபது கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’. மொத்தம் பூஜ்யம்.

அக்கா விடுவாரா? சாப்பாட்டுக் கேள்விக்குத் திரும்பினார். “இது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது? உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க.”

அவர் சிரிப்பு நின்றது. “நாலு பேர் முன்னாடி சாப்பிட்டாத்தானே வெட்கம்? அஞ்சு வருஷமா தட்டை எடுத்துட்டு உள்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறேன். பாதிச் சாப்பாடு சட்டையிலதான். மக தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. அந்தக் கோவத்துலதான் கூட உக்கார மாட்டேங்கறேன்னு நினைச்சிட்டிருக்கா. நினைச்சுக்கட்டும். கோவக்கார அப்பன்னா ஒரு மரியாதையாவது இருக்கு. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

அக்கா வரி விடாமல் எழுதிக்கொண்டார். கதவைத் திறந்ததும் மகள் எழுந்து வந்தாள்.

“மேடம், என் மேல இருக்கற கோவத்தைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“கேள்வியெல்லாம் கையைப் பத்தித்தாம்மா” என்று சொல்லிவிட்டார் அக்கா.

அந்த வாரம் அவர் யாரோடும் சண்டை போடவில்லை. ‘வெட்கத்துக்குப் பயந்து எதையாவது செய்வதையே விட்டுவிட்டீர்களா?’ என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லி, கேள்வித்தாளை அனுப்பிய வெளிநாட்டுக் குழுவுக்கு எழுதினார். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அதையும் கோப்பில் வைத்தார்.

அடுத்த வருடம் மகள் தனியாக வந்தாள். அப்பா மாரடைப்பில் போய்விட்டார், சிகிச்சைக் காகிதங்களின் நகல் வேண்டும் என்றாள்.

“கடைசி வரைக்கும் என்கூட ஒரு வேளை உக்காந்து சாப்பிடல மேடம். அப்படி ஒரு வெறுப்பு” என்றாள். அழவில்லை. அழுது தீர்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விதியையும் மீறாதவர், அவள் அப்பா சொன்னதை எழுதிவைத்த அந்தத் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு மேலே இருந்த தேதியில் விரலை வைத்தாள்.

“அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

அக்கா ஆமென்று தலையை ஆட்டினார்.

“நான் வெளியிலதானே மேடம் உக்காந்திருந்தேன்” என்றாள் மகள்.