உப்பில் கை வைக்காத நாற்பது நாள்

என் இடது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். அதற்கு நான்தான் காரணம். கனகாலம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், இதற்கு அது போதும்.

கண்டக்குழியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கருவாட்டு வாடி இருக்கிறது. வாடி என்றால் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், அதற்குள் நாலு உப்புத் தொட்டி, வெளியே மணலில் பழைய வலைகளை விரித்து மீன் காயப்போடும் இடம். அக்கம்பக்கத்து ஆறேழு வீட்டுப் பெண்கள் அங்கே வேலை செய்கிறோம். ஆளுக்கு ஒரு விரிப்பு. மீனைக் கீறி, குடல் எடுத்து, கழுவி, உப்பில் போட்டு, மறுநாள் எடுத்துக் காயப்போட்டு, வெயில் ஏற ஏறப் புரட்ட வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஓடிப்போய் அள்ள வேண்டும். அரைகுறையாய்க் காய்ந்த மீனில் மழை பட்டால் புழு வைத்துவிடும். அதனால் எங்கள் பெண்கள் நித்திரையிலும் ஒரு காதை வெளியே வைத்திருப்பார்கள்.

சண்டைக் காலத்தில் நேவி கொடுக்கிற பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. மீனும் குறைவு, எங்கள் வேலையும் குறைவு. சண்டை முடிந்த பிறகு படகுகள் நினைத்தபடி போய் வந்தன. நல்ல காலம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என் விரிப்பு ஒருநாளும் வெறுமையாய்க் கிடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆண்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்து சாப்பிட்டு, பூவரச நிழலில் காலை நீட்டிப் படுப்பார்கள். சனிக்கிழமை பிடித்த மீனுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அது எங்கள் கையில் இருக்கும்.

அந்த வருஷங்களில்தான் என் இடது கண்ணில் வெள்ளை படர்ந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி, உள்ளே வில்லை வைத்தார்கள். டொக்டர் சிங்களப் பிள்ளை, சின்ன வயது. வீட்டுக்கு விடும்போது என் தோளைத் தட்டி, "ஹொந்தட்ட விவேக கன்ன, அம்மே," என்றார். நன்றாக ஓய்வெடுங்கள் அம்மா என்று. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வந்து பாயில் படுத்தேன். உடம்புதான் படுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கதைக்கிற சத்தம், பலகையில் கத்தி விழுகிற சத்தம். என் மீனை என் மச்சாள் கீறிக்கொண்டிருந்தாள். மச்சாள் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய விரிப்பையும் பார்த்து என்னுடையதையும் பார்த்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் 'அவ சும்மா கிடக்கிறா' என்பதை எங்கள் ஊரில் என்ன மாதிரிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானே மற்றவர்களை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதனால் படுத்த இடத்திலேயே வெங்காயம் உரித்தேன். கிழிந்த சாக்கைத் தைத்தேன். தொட்டியில் உப்புப் போதுமா, பாலாவியிலிருந்து உப்பு லொறி வந்ததா என்று போகிற வருகிறவர்களைக் கேட்டேன். வேலை செய்த நாட்களில் நான் அப்படிக் களைத்ததில்லை.

நாலாம் நாள் பின்னேரம் திடீரென்று மழை இறங்கியது. எழும்பி ஓடினேன். யோசித்து ஓடவில்லை, கால் ஓடியது. குனிந்து அள்ளினேன். கையெல்லாம் உப்புத் தண்ணீர். முகத்தில் மழை வழிய, ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஒட்டிவிட்ட மூடியை விலக்கிவிட்டுப் புறங்கையால் துடைத்தேன். அவ்வளவுதான். ஒரு கூடை கருவாடு அள்ளுவதற்குள் எல்லாம் முடிந்தது.

இரண்டு நாளில் கண் சிவந்து குத்தத் தொடங்கியது. வெட்கத்தில் இன்னும் மூன்று நாள் மறைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கிருமி உள்ளே போய்விட்டிருந்தது. "என்ன செய்தீங்க அம்மா?" என்று டொக்டர் கேட்டார். "ஒண்டும் செய்யயில்ல ஐயா," என்றேன். வீட்டிலும் அதையேதான் சொன்னேன்.

மூன்று வருஷம் போனது. வலது கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. இதையும் மறைத்தேன். தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டு அளவு பார்த்தேன். படி எத்தனை என்று காலுக்குத் தெரியும். ஆனால் வாடியில் பிடிபட்டுவிட்டேன்.

"மச்சாள், இஞ்ச வாங்க," என்று கூப்பிட்டாள் மச்சாள். "இந்த விரிப்பு ஆர் புரட்டினது?"

"நான்தான்."

"பாதி மீன் வானத்தைப் பார்க்குது, பாதி மண்ணைப் பார்க்குது. ஒண்டோட ஒண்டு கோவமா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"எத்தினை விரல்?"

"விளையாடாத."

"எத்தினை எண்டு கேட்டன்."

"மூண்டு."

அவள் கையைப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள்.

என்னைக் கொட்டிலுக்குள் இழுத்துக்கொண்டு போய், கவிழ்த்த வாளியில் இருத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். இருக்கிற வெளிச்சம் எனக்குப் போதும் என்றேன். மற்றதைப்போல இதுவும் போனால் முழு இருட்டு, அந்தப் பயத்தில் சொன்னேன். அவள் எனக்கு முன்னால் குந்தினாள்.

"அண்டைக்கு மழைக்குள்ள வந்து அள்ளினீங்களே, அதாலதானே மற்றக் கண் போனது?"

நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க மச்சாள்."

"ஓம்," என்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த ஓம்.

"நான் உங்கட விரிப்பை அள்ளிக்கொண்டு நிக்கிறன். நீங்க வந்து என்ட விரிப்பை அள்ளுறீங்க. ரெண்டு பேரும் நல்ல ஆக்கள்தான்," என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு.

எங்கள் வாடியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் உப்பில் கை வைக்கக் கூடாது. அவளுடைய விரிப்பை மற்றப் பெண்கள் முறை வைத்துப் பார்ப்பார்கள். அவளுக்கு முன்னால் மீன் கதை, உப்புக் கதை எதுவும் எடுக்க மாட்டார்கள். நாற்பதாம் நாள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். அதன் பிறகுதான் கத்தியைத் தொடுவாள். நான் மூன்று பிள்ளை பெற்றவள். எண்ணிப் பார்த்தால் என் ஆயுளில் மனமும் சேர்ந்து படுத்த நாட்கள் அவைதான். அந்த நாட்களில் யாரும் ஒருத்தியைச் சும்மா கிடக்கிறாள் என்று சொல்வதில்லை.

மச்சாள் கொட்டில் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "பெண்டுகள், எங்கட மச்சாளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. நாற்பது நாளைக்கு அவட விரிப்பை முறை வைச்சுப் பார்க்க வேணும்."

"இந்த வயசிலயா!" என்று ஒருத்தி கத்தினாள். "அவட மனிசன் இப்ப கடலுக்கும் போறதில்ல எண்டு அப்பவே யோசிச்சன்."

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அன்றைக்கே முறை பிரித்துவிட்டார்கள்.

அதே ஆஸ்பத்திரி, அதே டொக்டர். படுக்க வைத்து முகத்தில் பச்சைத் துணியைப் போடும்போது, நான் அவருடைய கையைப் பிடித்து, போன தடவை என்ன நடந்தது என்று சொல்லிவிட்டேன். என் அரைகுறைச் சிங்களத்தில்தான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "தெரியும் அம்மா," என்றார். உப்பு மணம் அவருக்கு அன்றைக்கே அடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பெண்கள் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவதுபோலவே வந்தார்கள். ஒருத்தி பத்தியச் சரக்கு அரைத்த கறி கொண்டுவந்தாள். இன்னொருத்தி பால்சுறா வறை. பால் ஊறுவதற்குக் கொடுக்கிற சாப்பாடு அது. இது எனக்கு எதற்கு என்று கேட்டால், வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

"பிள்ளை ஆரைப்போல?" என்று கேட்டாள் மற்றவள்.

"தகப்பனைப்போல," என்றாள் மச்சாள். "நாள் முழுக்கக் கிடக்குது, வாய் திறக்குதில்ல."

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல் சிரித்தார். அந்த நாற்பது நாளும் காலைச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தவர் அவர்தான்.

முதல் கிழமை மனம் பழையபடிதான் ஓடியது. கேட்பதற்கு வாயெடுத்தால் எல்லோரும் கதையை மாற்றினார்கள். உப்பு இருக்கா என்று கேட்டால், உச்சமுனைப் பக்கம் யாருக்கோ கலியாணம் என்றார்கள். மீன் பட்டதா என்றால், மகளின் பிள்ளைக்குப் பல் முளைத்தது என்றார்கள். கேட்கக் கேட்கப் பதில் கிடைக்காத மனம் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டது. எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் என் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தபோது, உப்பு தின்ற வெடிப்பெல்லாம் மூடி, தோல் வேறு யாருடையதோ போல மெத்தென்று இருந்தது. பகலில் நித்திரை வந்தது. சாப்பாடு ருசித்தது. முன்பும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன்.

மூன்றாம் கிழமை மழை வந்தது. கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்ததும் நான் பாயில் எழும்பி இருந்துவிட்டேன். ஒரு கால் நிலத்தில். வெளியே பெண்கள் ஓடுகிற சத்தம். அதற்குள் மச்சாளின் குரல், மழைக்கு மேலால்: "மச்சாள்! எழும்பினா காலை முறிப்பன்!"

அவளுக்கு நான் எழும்பியது தெரியாது. தெரியாமலே சொன்னாள். வாசலில் என் வீட்டுக்காரர் கதவை மறித்து நிற்கவில்லை. யாரும் என்னைப் பிடிக்கவில்லை. நிலத்தில் இருந்த காலை நானே எடுத்துப் பாயில் வைத்தேன். திரும்பப் படுத்தேன். பிறகு தகரத்தில் மழை பெய்தது, அவ்வளவுதான். கருவாட்டில் பெய்யவில்லை, என் தலையில் பெய்யவில்லை. அத்தனை வருஷத்தில் மழைச் சத்தத்தை மழைச் சத்தமாகக் கேட்டது அன்றைக்குத்தான். நித்திரையால் எழும்பியபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை கூடை நனைந்தது என்று நான் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் தெரியாது.

நாற்பதாம் நாள் கோயிலுக்குப் போய் வெறுங்கையோடு நின்று மெழுகுதிரி கொளுத்தினேன். மறுநாள் கிளினிக்கில் டொக்டர் பலகையைக் காட்டினார். இங்கிலீசு எழுத்தை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் வாசித்தேன், கடைசி வரிவரைக்கும். வீட்டுக்கு வந்து மச்சாளைப் பார்த்தேன். அவளுக்கு இவ்வளவு தலை நரைத்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன வருஷம் அவளுக்கும் வெள்ளை படர்ந்து கண் வெட்டினார்கள். முறை பிரித்தபோது நான் கூடுதல் நாள் கேட்டு வாங்கினேன். இரண்டாம் கிழமை மழை இறங்கியது. அவளுடைய விரிப்பை நான் அள்ளிக்கொண்டிருக்க, வீட்டுக்குள்ளிருந்து அவள் கத்தினாள்: "மச்சாள்! கீழ்க்கரையில இருந்து அள்ளுங்க! பெரிய மீனை முதல்ல எடுங்க! தறப்பாளை இழுங்க!"

நான் நிமிர்ந்து நின்று, என் ஆயுளில் கத்தாத கத்து ஒன்று கத்தினேன்: "வாயையும் மூடிக்கொண்டு படு!"

எல்லாப் பெண்களும் கையில் மீனோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து மிச்சத்தை அள்ளினேன். உள்ளே சத்தம் இல்லை.

அள்ளிய மீனுக்கு மேல் தறப்பாளை மூடிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட அவளுடைய வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணில் மூடி, ஒரு கை நெஞ்சில். வாய் திறந்தபடி நித்திரை. ஈரக் காலோடு உள்ளே போகாமல் திரும்பி வந்தேன்.