தொண்ணூறு டிகிரி சாய்வு

நோணாங்குப்பத்திலிருந்து நின்றுகொண்டே வந்த பஸ்ஸில்தான் அது உறைத்தது: ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட கேலக்ஸியில் இருண்ட பொருளே இல்லை! மற்ற கேலக்ஸிகளில் ஓரத்து நட்சத்திரங்கள் சுற்றும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுத்துப் பிடிக்காவிட்டால் அவை சிதறிப்போயிருக்கும். அந்த ஏதோ ஒன்றைத்தான் இருண்ட பொருள் என்கிறோம். என் கேலக்ஸியிலோ அவை மெதுவாகத்தான் சுற்றின.

மூன்று மாதம் அதையே கணக்குப் போட்டேன். ஆய்வேட்டுக்கு இதுதான் தலைப்பு என்று வழிகாட்டியிடமும் சொல்லிவிட்டேன். நேற்று மத்தியானம் பக்கத்துக் கம்ப்யூட்டர் தோழி என் திரையை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, இது தட்டாட்டம் நேரா நம்மளப் பாத்துக்கிட்டு இருக்கு. சாய்வு எவ்ளோ போட்ட?”

தொண்ணூறு டிகிரி. முந்தைய கேலக்ஸி விளிம்பைக் காட்டி நின்றது. அதற்குப் போட்ட எண்ணை நான் மாற்றவே இல்லை. முகம் காட்டும் கேலக்ஸியில் நட்சத்திரங்கள் பெரும்பாலும் குறுக்கே ஓடும். நம்மை நோக்கி வரும் கொஞ்ச வேகம்தான் அளவில் சிக்கும். தொண்ணூறு என்று போட்டதால் அதையே முழு வேகமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

“ஊரெல்லாம் சொல்லிட்டியே, இப்ப இன்னா பண்ணப் போற?”

“தூங்கப் போறேன்.”

தூங்கவில்லை. சாய்வைக் குறைத்ததும் வேகம் ஏறியது. இருண்ட பொருளும் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு என்றுதான் சொல்ல முடியவில்லை. ஏறக்குறைய வட்டமாகத் தெரியும் கேலக்ஸியில் சாய்வு இரண்டு டிகிரி தவறினாலும் விடை மாறிவிடும். உடம்பும் மனசும் அசந்துவிட்டன. நாளை முதலில் வழிகாட்டியிடம் தவறைச் சொல்ல வேண்டும். பிறகு, ஹைட்ரஜன் வாயுவின் வேக வரைபடத்திலிருந்து சாய்வை மட்டும் எடுக்க முடிகிறதா என்று பார்க்கப் போகிறேன்.