ராஜா போட்ட களி

திருவண்ணாமலைக் கோடைக் கலைவிழாவில் பஜ்ஜி, பானிபூரி, பலாச்சுளை என்று ஒரு கடை விடாமல் தின்றுகொண்டே வந்தேன். மேடைக்குப் பின்னாலிருந்து கீரைக் கடைசல் வாசனை இழுத்தது. அதுவும் கடைதான் என்று போய் நின்றேன். அரிதாரம் பூசிய ஒருவர் கேழ்வரகுக் களி உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு பிளேட் எவ்ளோண்ணா?”

“இது கூத்துக்காரங்க சாப்பாடும்மா. அதனால என்ன, உக்காந்து சாப்பிடு.”

முதல் வாய் களியோடு கூச்சம் போய்விட்டது. அப்படியொரு ருசி!

கூத்து தொடங்கியது. அவர்தான் ராஜா! “நம்ம நாட்டுல யாராச்சும் பசியா இருக்காங்களா?” என்று உறுமினார்.

என்னோடு சாப்பிட்ட கோமாளி, முன்வரிசையிலிருந்த என்னைக் காட்டினார். “அந்தம்மாவயே கேளுங்க மகாராஜா!”

கூட்டமே திரும்பியது. நான் எழுந்து, “வயிறு ரொம்பிடுச்சு மகாராஜா!” என்று கத்தினேன்.

எத்தனையோ கூத்து பார்த்திருக்கிறேன். அன்றுதான் ராஜாவின் நாட்டில் குடியிருந்தேன்.