கட்டத்தில் இல்லாத கூலி

ஐம்பது கிலோ. பழவங்காடியில் புதிதாக ஓட்டல் திறந்தவர் தினமும் அவ்வளவு தோசை மாவு கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்.

உலகம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. தென்காசிப் பக்கமிருந்து கணவரோடு மலையாள நாட்டுக்கு வந்தவர். கணவர் இறந்த பிறகு, பதினோரு வருடமாகக் கரமனையில் மாவு அரைத்து விற்கிறார். நாளுக்கு நாற்பது பாக்கெட், எல்லாம் சுற்றுவட்டார வீடுகளுக்கு. வலது தோள் இப்போதெல்லாம் சொன்னபடி கேட்பதில்லை. வீடு தேடி வந்த ஆர்டரை விடவும் மனசில்லை.

தங்கை மகன் மகேஷ்குமார் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறான். வியாழன் சாயங்காலம் லேப்டாப்போடு வந்து, செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று கட்டம் போட்டான். அரிசி, உளுந்து, கரண்ட், ஆட்டோ எல்லாம் ஏறின.

"தினம் முந்நூறு ரூபா லாபம் கூடும் பெரியம்மா. கண்ண மூடிட்டு எடுத்துக்கலாம்."

"அஞ்சு மணி நேரம் கூடுதலா நிக்கணுமே மக்களே. அது எந்தக் கட்டத்துல இருக்கு?"

"அது சொந்த உழைப்பு அல்லே. யாருக்கும் காசு குடுக்க வேண்டாம்லா."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அஜிதா சிரித்தாள். "அவங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான்தான் அரைச்சேன். மணிக்கு எண்பது ரூபா தந்தாங்க. நான் கை வச்சா கூலி, அவங்க கை வச்சா சும்மாவா சேட்டா?"

மகேஷ்குமார் எண்பதைப் போட்டான். ஓட்டல் ஆர்டரில் தினம் நூறு ரூபாய் நஷ்டம்.

"இப்போ நடக்குற யாவாரத்துக்கும் போடு."

"அது வேண்டாம் பெரியம்மா."

"போடுடா."

லாபம் நானூற்றைம்பது. எட்டு மணி நேரக் கூலி அறுநூற்று நாற்பது. மைனஸ் நூற்றுத்தொண்ணூறு என்று திரையில் நின்றது. அதைப் பதினோரு வருடத்தால் பெருக்க அவனும் முனையவில்லை, அவரும் கேட்கவில்லை.

"ஐம்பது ரூபா பாக்கெட்ட அறுபதாக்கினா?" என்றார் உலகம்மாள்.

"மூணுல ஒருத்தர் போயிருவாங்க."

"போறவங்களுக்கு அரைக்க வேண்டாமே. அதையும் சேத்துப் போடு."

கூலி போகத் தினம் நூற்றுநாற்பது மிஞ்சியது.

மறுநாள் ஓட்டல்காரருக்குப் போன் போட்டு முடியாது என்றார். திங்கட்கிழமை விலை அறுபதானது. முதல் வாரத்திலேயே பதினோரு வீடுகள் வாங்குவதை நிறுத்தின. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாவு கிடையாது.