வகிடுக்கும் மொட்டைக்கும் பதினைந்து ரவுண்டு

அப்பாவும் என் தாய்மாமாவும் ஞாயிற்றுக்கிழமைதோறும், செத்துப்போன ஒரு குத்துச்சண்டைக்காரரை உயிரோடு இருக்கும் ஒருவருடன் மோதவிட்டார்கள். நடுவர் நான். எனக்கு ஒன்பது வயது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அப்பா எடைக்கு வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த இரண்டு படங்கள் எங்கள் வீட்டுக் கதவில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தன. ஒன்று கறுப்பு வெள்ளை. எண்ணெய் வைத்து நேர்வகிடு எடுத்த ஒல்லியான ஹெவிவெயிட் சாம்பியன், எண்பத்து மூன்று கிலோ. அவர் அப்பாவின் ஆள். பெயரைச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வராததால் அவரை வகிடு என்றே கூப்பிட்டோம். இன்னொன்று வண்ணப்படம். மழித்த தலை, நூற்றுப் பத்து கிலோ. அவர் மொட்டை, மாமாவின் ஆள். இருவருக்கும் நடுவே அறுபது வருடம் இருந்தது. அதை நாங்கள் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சண்டை தொடங்கும். ஒருவர் தன் ஆள் எப்படி அடித்தார் என்று சொல்ல வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும். யார் சொல்வது நம்பும்படி இருக்கிறதோ அவர் பக்கம் நான் பின்சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவேன்.

"மச்சான், எங்க மொட்டை கை வெச்சான்னா உங்க வகிடு கலைஞ்சிடும்" என்பார் மாமா.

"போடா. அந்தக் காலத்துல பதினஞ்சு ரவுண்டு. உன் ஆளு கத்துக்கினதே பன்னெண்டுதான். பதிமூணாவதுல ஸ்டூலு எங்க கீதுன்னு தேடிக்கினு இருப்பான்."

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். "அந்த ரெண்டு பேர்ல எவனாவது வந்து தண்ணி புடிச்சுத் தருவானா?"

மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவரும் குத்துச்சண்டை போடுகிறவர்தான். மாநிலப் போட்டியில் ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய எடைப் பிரிவில் எப்போதும் இருபது பேர் நிற்பார்கள்; இரண்டாவது சண்டையிலேயே வெளியே வந்துவிடுவார். ஹெவிவெயிட்டில் ஆள் வருவதில்லை, அதில் நில் என்றார் பயிற்சி தந்த மாஸ்டர். அதற்கு எண்பத்தொரு கிலோவுக்கு மேல் வேண்டும். மாமா எழுபத்தொன்பது.

"ரெண்டு கிலோ என்னடா ரெண்டு கிலோ? வகிடு இன்னா யானையா? அவன் ஜெயிக்கல?" என்றார் அப்பா.

போட்டிக்கு முந்திய ஞாயிறு வகிடும் மொட்டையும் பதினான்கு ரவுண்டு வரை சமமாக வந்தார்கள். கடைசி ரவுண்டுக்கு மாமா தன் ஆளுக்காக வாதாடவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு பாப்பா. சின்ன ஆளு பெரிய ஆள நெஜமாவே அடிப்பானா?"

மூன்று வாரமாக அப்பா தோற்றுக்கொண்டிருந்தார். இது அவருடைய முறை என்பது என் நியாயம். கோட்டை வகிடின் பக்கம் போட்டேன். மாமா "சரி" என்று மட்டும் சொன்னார்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நாங்கள் மூவரும் போட்டிக்குப் போனோம். பல்லாவரம் தாண்டுவதற்குள் மாமா பதினோரு வாழைப்பழம் தின்றிருந்தார். அதற்குமேல் மூன்று பாட்டில் தண்ணீர். எடை பார்க்கும்வரை ஒன்றுக்குப் போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. மாமா கால் மாற்றிக் கால் மாற்றி வரிசையில் நின்றார். முள் எண்பத்தொன்றைத் தாண்டியதும் தராசிலிருந்து குதித்துக் கழிப்பறைக்கு ஓடினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர். மற்றவர் மொட்டையின் தம்பி மாதிரி இருந்தார். மாஸ்டர் மாமாவின் கையுறையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "மணி அடிச்சதும் ஒண்ணு வாங்கு, உக்காந்துக்கோ. எழுந்துக்காத. தோத்தாலும் ரெண்டாவது எடம். சர்டிபிகேட் நம்மளுது."

நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். எதிராளியை ஏமாற்ற ஏதோ தந்திரம் என்று நினைத்தேன்.

மணி அடித்தது. மாமா ஒன்று வாங்கினார், உட்கார்ந்தார். நடுவர் எண்ணத் தொடங்கினார். நான்கு, ஐந்து. மாமா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"எழுந்திரு மாமா! வகிடா இருந்தா எழுந்திருக்கும்!" என்று கத்தினேன்.

அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. அதற்குள் மாமா திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். எட்டில் எழுந்தார். அதன்பிறகு உட்காரவில்லை. மூன்று ரவுண்டும் நின்று வாங்கினார்.

சான்றிதழ் கிடைத்தது. ரயில்வே விண்ணப்பம், எழுத்து வேலையெல்லாம் முடிந்து மருத்துவப் பரிசோதனை வந்தபோது, இடது கண்ணில் பாதிப் பார்வை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா இப்போது நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலுக்கு இருக்கிறார். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, ஓசூர், திருப்பூர், சூரத் என்று வேலை கிடைத்த இடமெல்லாம் போய்வந்தவள். சென்னைப் பக்கம் வந்தால் அவரைப் பார்ப்பேன். வலப்பக்கமாக நின்றுதான் பேசுவேன். போன மாதம் செல்போனை நீட்டினார். அதிலிருந்த வீடியோவில், கதவுப் படத்து ஆட்கள் இருவரையும் கம்ப்யூட்டர் மோதவிட்டிருந்தது.

"ரெண்டாவது ரவுண்டுல வகிடு வுழுந்துட்டான் பாப்பா. எழுந்துக்கவே இல்ல. புத்திசாலி" என்று சிரித்தார்.

ஆனால் போட்டி முடிந்து அன்று ரயிலில் திரும்பும்போது, வீங்கிய கண்மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு மாமா என்னிடம் தீர்ப்புக் கேட்டார். "நீதான் மாமா ஜெயிச்ச" என்றேன். வீட்டுக்கு வந்ததும் பின்சுவரில் அவர் பெயருக்கு மூன்று கோடு போட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா ஈரத்துணியால் அந்தச் சுவர் முழுவதையும் துடைத்தார். கதவிலிருந்த படங்களையும் கிழித்தார். தன் ஆள் ஜெயித்த கோடுகளையே ஒருவர் எதற்காக அழிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா மேல் பொறாமை என்று முடிவு செய்தேன். அப்பா வேலைக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, மாமாவின் மூன்று கோடுகளையும் மறுபடி போட்டேன். இந்தமுறை அழியாதபடி, அழுத்தி.