எர்சில்லாவின் இடப்பக்க மூலை

“கேமராவத் தூக்கிட்டு முன்னால நிக்காத பொண்ணே, சக்கரம் கால்ல ஏறிடும்.”

“நான் வேடிக்கை பாக்க வரல டான்ட்டி. ஏதாவது வேலை குடுங்க.”

“எந்த ஊரு?”

“மார்ட்டினிக் தீவு. அங்க பள்ளிக்கூடத்துல டீச்சர்.”

“டீச்சரா! அப்ப சொன்னாக் கேக்கத் தெரியாதே. சரி, தண்ணி தூக்கு.”

டிரினிடாடின் திருவிழாவுக்கு நடேஜ் முதன்முதலாக வந்தபோது எர்சில்லாவோடு நடந்த பேச்சு இது; ‘டான்ட்டி’ என்றால் அங்கே அத்தை. அந்த வருடத் திருவிழா முழுக்க அவள் தண்ணீர்தான் தூக்கினாள்.

எர்சில்லா பள்ளிச் சமையற்கட்டில் வேலை செய்பவள். ஊரே சிறகும் மினுக்குமாக ஆடும் இரண்டு நாளும் அவளுக்குக் காக்கிக் கால்சட்டை, தோளில் ஒரு துண்டு. எண்ணெய்ப் பீப்பாய் மேளங்களையும் வாசிப்பவர்களையும் ஏற்றி, ஆட்கள் கையால் தள்ளிப்போகும் பெரிய வண்டியின் பின்புறம், இடப்பக்க மூலை அவளுடையது. இருபத்தாறு வருடமாக அங்கே பிடித்துத் தள்ளும் கம்பியை வேறு யாரும் தொட்டதில்லை.

“புருஷனையே விட்டுட்ட, வண்டிய மட்டும் விட மாட்டேங்கிறியே!” என்று வாசிப்பவர்கள் சீண்டுவார்கள்.

“வண்டி நான் தள்ளுன பக்கம் போகுதுடா!”

இரண்டாம் வருடம் பக்கத்துக் கம்பியில் நடேஜுக்கு இடம் கொடுத்தாள். பெல்மாண்ட் இறக்கத்தில் நடேஜ் உற்சாகத்தில் மூச்சைப் பிடித்துத் தள்ள, சக்கரம் சாக்கடைக்குள் இறங்கியது. பத்துப் பேர் தூக்கினார்கள். மேலே நின்றவன் வாசிப்பை நிறுத்தவில்லை.

“எறக்கத்துல தள்ளுறவள இப்பத்தான்டி பாக்குறேன்! எறக்கத்துல பின்னால சாஞ்சு பிடிக்கணும். மேல ஆளு நிக்குதுல்ல?” என்று எர்சில்லா கத்தினாள்.

இனி அந்தக் கம்பி கிடைக்காது என்ற நினைப்போடுதான் நடேஜ் ஊர் திரும்பினாள். ஆனாலும் மூன்றாம் வருடம் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். மேளக் கொட்டகைக்குப் பக்கத்துச் சரிவில் காலி வண்டியைத் தினமும் இறக்கிப் பழகினாள், குதிகால் கொப்பளிக்கும்வரை. எர்சில்லா பொரித்த ரொட்டியைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாவின் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். அதே இறக்கத்தின் உச்சியில் வண்டி நின்றது. எர்சில்லா தோள் துண்டை எடுத்துத் தன் கம்பியில் சுற்றினாள்.

“சூடா இருக்கும், துண்டோட பிடி. இத்தனை வருஷமா இந்த வண்டியோட முதுகத்தான் பாத்துருக்கேன் பொண்ணே. கீழ நின்னா நம்ம பேண்டு மொத்தமும் எறங்கி வர்றது தெரியுமாம். நான் முன்னால ஓடுறேன். எறக்கம் முடியுற வரைக்கும் என் மூலையப் பிடிச்சுக்கிறியா?”